நடுவுல போட்ட கல்லு

மன்றத்துக்கு மொசைக் தரை போடணும், இல்லாங்காட்டி மன்றமே தேவையில்ல. இது தரைக் கமிட்டியோட ஏகமனதான தீர்மானம். கமிட்டில மொத்தமே ஒரு ஆளுதான். கும்மிடிப்பூண்டி ரோலிங் மில்லுல வேல பாக்குற ஆதிகேசவன்.

தொழிலாளர் மன்றத்துக்கு செவுரு எழும்பி கூரையும் போட்டாச்சு. தரை மட்டும் மண்ணு. கூட்டம், கேரம் போர்டு, கல்யாணம், காதுகுத்து எல்லாம் அந்த மண்ணு மேலதான். போன கல்யாணத்துல பாயசத்த ஜனம் மென்னு முழுங்கிச்சு.

ஊட்டுக்காரி அங்காளம்மாளுக்கு வேற யோசன.

"கடப்பாக்கல்லு போடு மாமா. வெல கம்மி. மிச்சத்துல மன்றத்து வாசல்ல ஒரு கைபம்பு போட்டுடலாம். தண்ணிக்கு ஸ்டேசன் வரைக்கும் கொடம் தூக்கினு போயி பொம்பளைங்க இடுப்பே ஒடியுது."

"கடப்பாக்கல்லா? அது துணி தொவைக்கிற கல்லுமே. மொசைக்னா குனிஞ்சா மூஞ்சி தெரியும்."

"யாரு மூஞ்சி?"

"என் மூஞ்சிதான்."

"அத ஊட்லயே சும்மா பாத்துக்கினுதான கீறோம். அதுக்குப் போயி காசு குடுப்பாங்களா?"

ஆதிகேசவன் கோவப்படல. விஞ்ஞானி ஆயிட்டார்.

"நீயும் சொல்ல வாணாம், நானும் சொல்ல வாணாம். ஜனத்தோட காலு சொல்லட்டும்."

மறுநாளே மன்றத்து வாசப்படி தாண்டி வரிசையா மூணு சதுரம் பதிச்சார். எடது பக்கம் மொசைக். வலது பக்கம் செவப்பு சிமெண்டு. நடுவுல கடப்பாக்கல்லு. முப்பது நாள் ஜனம் நடக்கட்டும். எது தேயாம நிக்குதோ அதுதான் தரை.

கடப்பாக்கல்லு ஏன் நடுவுல? அங்கதான் அவரு மூளை வேல செஞ்சிது. எந்த வாசல்ல நொழஞ்சாலும் மனுசன் நடுவுலதான் மிதிப்பான். மில்லு பூட்ஸு, சைக்கிளு, உருட்டினு வர்ற டிரம்மு, அத்தனையும் கடப்பாக்கல்லு தலையில எறங்கும். மொசைக்கு ஓரமா ஒக்காந்து பவுடர் பூசிக்கினு இருக்கும்.

இந்த ரகசியத்த பக்கத்து ஊட்டு ஆசீர்வாதத்துகிட்ட மட்டும் சத்தியம் வாங்கினு சொன்னார். ஆசீர்வாதம் சத்தியத்துக்குக் கட்டுப்பட்ட மனுசன். பொண்டாட்டி மேரிகிட்ட தவிர வேற யாருகிட்டயும் சொல்லல.

மறுநாள்லேந்து மன்றத்தப் பெருக்குற வேலைய அங்காளம்மாளே இழுத்துப் போட்டுக்கினா. விடிஞ்சா தண்ணி தெளிப்பா, பெருக்குவா, நடுக்கல்லு மேல சின்னதா ஒரு கோலம் போடுவா. கருப்புக் கல்லுல வெள்ளக் கோலம் பளிச்சுனு நின்னுச்சு.

"லட்சணமாத்தான் கீது"ன்னு ஆதிகேசவனே மெச்சிக்கினார்.

தெனம் ஷிப்டு முடிஞ்சதும் மண்டி போட்டு, நகத்தால சொரண்டி, ஒரு கண்ண மூடி சோதன பண்ணுவார். பத்தாம் நாளு மொசைக்குல நாலு சில்லு பேந்துச்சு. பதினெட்டாம் நாளு செவப்பு சிமெண்டு ஆமை ஓடு மாதிரி வெடிச்சிது. கடப்பாக்கல்லு? ஒரு கீறல் இல்ல. வயசுக்கு வந்த பொண்ணு மாதிரி மினுமினுன்னு கீது.

ஆதிகேசவனுக்கு ஆச்சரியம் தாங்கல. இது கல்லா, இல்ல கர்லாக்கட்ட வாத்தியாரா? சோறு எறங்கல. மொசைக்க மறந்தே போயிட்டார்.

முப்பதாம் நாளு கூட்டத்துல அரை மணி நேரம் பேசினார். "நடுவுல போட்டு நசுக்கினேன் தோழர்களே. அசையல." கை தட்டினாங்க. கடப்பாக்கல்லு முடிவாச்சு, கூடவே பம்பும் முடிவாச்சு.

வெளிய வரும்போது ஆசீர்வாதம் காதக் கடிச்சார். "நைனா, ஒரு டவுட்டு. கோலத்த யாருனா மிதிப்பாங்களா?"

ஆதிகேசவனுக்கு முப்பது நாளும் கண்ணு முன்னால ஓடுச்சு. ஷிப்டு ஷிப்டா ஆம்பளைங்க வர்றாங்க. வாசல்ல ரெண்டா பிரியறாங்க. பாதி பேரு மொசைக்கு மேல, பாதி பேரு சிமெண்டு மேல. சைக்கிளு கூட சுத்தினுதான் போச்சு.

ஊட்டுக்கு ஓடினார்.

"ஏமாத்திட்டியேமே."

"கோலம் போட்டேன். மிதிக்காதன்னு போர்டா மாட்டினேன்?"

"கமிட்டியக் கூட்டி எல்லாத்தயும் சொல்லிடறேன்."

"சொல்லு. கல்ல எதுக்கு நடுவுல வச்சன்னும் சேத்துச் சொல்லு."

கமிட்டி அங்கயே கலைஞ்சுபோச்சு. மெதுவா கேட்டார். "அப்ப அந்தக் கல்லு நெசமாவே தாங்குமா?"

"ஞாயித்துக்கெழம மீன் மார்க்கெட்ல இன்னா கல்லு மேல நின்னு பேரம் பேசற? உப்புத்தண்ணியும் கத்தியும் நம்ம கல்யாணத்துக்கு முன்னாலேந்து அது மேலதான் விழுது. குனிஞ்சு பாத்தாத்தான."

ராவெல்லாம் அவருக்குத் தூக்கமில்ல. விடிஞ்சதும் பூட்ஸ மாட்டினு மன்றத்துக்குப் போனார். ஒரே ஒரு மிதி. மானத்துக்கு அது போதும். கோலம் ஈரம் காயாம இருந்துச்சு. காலத் தூக்கினார். தூக்கின காலு அந்தரத்துலயே நின்னுச்சு. எறங்க மாட்டேன்னுது.

"இன்னா மாமா, கொக்கு மாதிரி?" பின்னால தொடப்பத்தோட அங்காளம்மாள்.

"சுளுக்கு"ன்னார் ஆதிகேசவன். மொசைக்க மிதிச்சுக்கினு உள்ள போனார்.