வாங்கப்போகிறவரோடு குடித்தனம்

ரொறொன்ரோவில் வீடு வாங்கித் திருத்தி விற்கும் இனம் ஒன்று உண்டு. உங்கள் சொந்தக்காரரிலேயே இரண்டு பேராவது இருப்பார்கள். செத்த வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனாலும் முதலில் முகட்டைப் பார்ப்பார்கள், பிறகு சுவரைத் தட்டுவார்கள், பிறகு குளியலறைக்குள் போய் எல்லாக் குழாயையும் திறந்து மூடுவார்கள், திரும்பி வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும் மனிதரின் தோளில் கைவைத்து, "அண்ணை, உந்தச் சுவரை உடைச்சால் முன் ஹோல் பெரிசாகும்" என்பார்கள். ஆறுதல் சொல்லியாயிற்று.

சூசைதாசன் இந்த இனத்தில் முதல் தரம். பகலில் மிசிசாகாவில் வேலை, மாலையில் தன் வீட்டிலேயே தரைக்கு ஓடு பதிப்பு. கெட்டிக்காரர், அதில் சந்தேகம் வேண்டாம். அவர் பதித்த தரையில் முட்டையை வைத்தாலும் உருளாது. பதினொரு வருடத்தில் ஐந்து வீடு வாங்கி, குடியிருந்துகொண்டே திருத்தி, விற்றுவிட்டார்.

அந்த வீடுகளில் அவரும் மனைவி கிளடிஸும் மகள் ஷாமிலாவும் மட்டுமா இருந்தார்கள்? நாலாவதாக ஒருவரும் இருந்தார். பெயர் தெரியாது, முகம் தெரியாது, ஆனால் மற்ற மூவரையும் ஆட்டிவைத்தவர் அவர்தான். வீட்டை வாங்கப்போகிறவர்.

சுவருக்கு மஞ்சள் அடிப்போமா என்று கிளடிஸ் கேட்டால், "வாங்கிறவனுக்குப் பிடியாது." சாம்பல்தான். திருக்குடும்பப் படம் மாட்ட ஓர் ஆணி? "வாங்கிறவன் ஓட்டையைப் பாப்பான்." இயேசுவும் மரியாளும் சூசையப்பரும் அலுமாரிக்குள் துவாய்களோடு இருந்தார்கள். மீன் பொரிப்பது? மூச்சு விடக்கூடாது. மணம் சுவரில் ஏறிவிடுமாம். அதனால் கராஜுக்குள் ஓர் அடுப்பு. தை மாதக் குளிரிலும் ஜக்கெற்றும் கம்பளித் தொப்பியுமாக கிளடிஸ் அங்கே நின்றுதான் பொரித்தார். உள்ளே புது அடுப்பு ஒரு சொட்டு எண்ணெய் படாமல் மினுங்கிக்கொண்டு நின்றது.

ஆறாவது வீட்டை வாங்கும்போது சூசைதாசன் சத்தியம் பண்ணினார். "இது எங்கடை வீடு. விக்கிறேல்லை."

கிளடிஸ் நம்பினார். படத்தைக்கூட வெளியே எடுத்துத் தூசி தட்டினார்.

திருத்த வேலை முடிந்து ஒரு கிழமைதான். சூசைதாசன் கிச்சினுக்கு நடுவில் நின்று பெருமூச்சு விட்டார். இந்த இனத்தின் பெருமூச்சு சும்மா வராது.

"இப்ப விலைக்குப் போட்டால் பறக்கும்."

"அப்ப சத்தியம்?"

"இஞ்சேர், அடுத்தது உண்மையாவே கடைசி."

வாங்குகிறவரும் கிடைத்துவிட்டார். ஞாயிறு பூசை முடிந்த கையோடு ஏஜென்ற் றிச்சர்ட் போனை நீட்டிக்கொண்டு உள்ளே வந்தான். குடியிருக்கிற வீட்டை விற்க மனைவியும் சம்மதித்துக் கையெழுத்து வைக்கவேண்டும். அதற்கென்ன, ஐந்து முறையும் மறுபேச்சில்லாமல் வைத்தவர்தானே!

கிளடிஸ் விளைமீன் பொரித்துக்கொண்டிருந்தார். கராஜில் அல்ல. கிச்சினில். எண்ணெய் சாம்பல் சுவரில் பொட்டுப் பொட்டாகத் தெறித்திருந்தது.

"அன்ரி, கையெழுத்துக்கு இந்தப் போனில விரலால ஒருக்காக் கீறினாக் காணும்."

"கை முழுக்க மீன், தம்பி."

"கழுவிப்போட்டு வாங்கோவன்."

"இன்னும் பொரிக்கக் கிடக்கு."

சூசைதாசனின் குரல் இறங்கிவிட்டது. "எவ்வளவு நேரம் எடுக்கும், கிளடிஸ்?"

"நான் சாகுமட்டும் எடுக்கும். இந்த அடுப்பிலதான்."

ஷாமிலா சிரிப்பை அடக்கிக்கொண்டு கதிரையை இழுத்துப் போட்டாள். "டாட், ப்ளீஸ், ஜஸ்ற் ஈற்."

ஆறு கிச்சின் கட்டிய மனிதர், முதல் தடவையாக ஒன்றுக்குள் இருந்து சுடச்சுட மீன் தின்றார். இரண்டாவது துண்டு முடிந்ததும் தானே எழும்பி இன்னொரு தட்டு எடுத்தார். "றிச்சர்ட், போனை உள்ள வை. சாப்பிடு."

சரி, மறைக்காமல் சொல்லுங்கள். கிளடிஸ் கையெழுத்து வைக்காமல் நின்றபோது உங்கள் மனம் அவரோடு நின்றதா, இல்லை, அந்த வீடு எவ்வளவுக்குப் போயிருக்கும் என்று ஒரு கணம் வெளியே ஓடிப்போய் வந்ததா? ஓடியிருந்தால் பாதகமில்லை. இந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டு, உங்கள் மனைவி இப்போது எங்கே நின்று சமைக்கிறார் என்று ஒருக்கால் எட்டிப் பாருங்கள்.