வடிக்கச் சொன்ன தண்ணீர்

ஒரு நல்ல மனிதரை வாழைப்பழத் திருடர் என்று நான் சந்தேகப்பட்டிருக்கிறேன். சிறுநீரக நோயாளிகளுக்கு என்ன சாப்பிடலாம் என்று சொல்கிற வேலை எனக்கு. சேர்ந்த புதிதில், பார்க்கிறவர்கள் எல்லாம் எதையோ ஒளித்துத் தின்பவர்களாகவே தெரிந்தார்கள்.

அவர் ரகுராமன் சார், மயிலாப்பூர்க்காரர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிக்கொண்டே போனது. இன்னும் ஏறினால் இதயமே நின்றுவிடலாம். வாழைப்பழம், இளநீருக்குத் தடை போட்டு, காய்களை நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துவிடச் சொல்லியிருந்தேன். அப்படியும் இறங்கவில்லை.

"பழத்தைத் தொடலைம்மா. கபாலி மேல சத்தியம்."

"சத்தியம் வேற, ரிப்போர்ட் வேற சார்" என்றேன். (திமிரைப் பாருங்கள்.) அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

கையும் களவுமாகப் பிடிக்க, ஒரு மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் அவர் வீட்டுக்குப் போனேன். இந்தப் பக்கம் வந்தேன் என்று புளுகிவிட்டு, சுவாமி அலமாரியை எட்டிப் பார்த்தேன். தண்ணீர் கேட்கிற சாக்கில் ஃபிரிட்ஜையும் பார்த்தேன். எங்கேயும் பழம் இல்லை.

"சாப்பிடற வேளைல வந்துட்டு சும்மா போகப்படாது" என்று அவர் மனைவி, மாமி, சாருக்குப் பக்கத்திலேயே எனக்கும் இலை போட்டுவிட்டார். அந்த ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்தேன். மறுபடியும் கை நீட்டினேன்.

"இவ்ளோ ருசியா இருக்கே, என்ன மாமி போட்டீங்க?"

"எல்லாம் நீ வடிக்கச் சொன்ன ஜலந்தான். காயோட சத்து பூரா அதுலன்னா இருக்கு? தெனம் இதுலதான் ரசம். இவருக்கு ரெண்டு கரண்டி கூடவே விடறேன்."

ரசம் முழங்கை வரை வழிந்தது. "ஐயோ மாமி, பொட்டாசியம் எல்லாம் அதுலதான் எறங்கியிருக்கு. கீழ கொட்டணும்."

"வடிக்கத்தானே சொன்னே? கொட்டச் சொல்லலையே."

உண்மைதான். சாதம் வடித்த கஞ்சியைக்கூட வீணாக்காத வீடு அது. ஏன் வடிக்க வேண்டும் என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "இத்தனை நாளா நானேவா இவருக்கு…" என்று மாமி பாதியில் நிறுத்தினார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. தப்பு உங்களுடையதல்ல, என்னுடையது என்றேன்.

ரகுராமன் சார் நிதானமாகக் கேட்டார். "அப்போ வாழைப்பழம்?"

"நீங்க சாப்பிடல சார்."

"அதைக் கொஞ்சம் சத்தமாச் சொல்லு. இவளும் நம்பலை."

அடுத்த ரிப்போர்ட்டில் பொட்டாசியம் இறங்கிவிட்டது. என் வீட்டில்தான் இந்தக் கேலி இன்னும் அடங்கவில்லை. நேற்றுகூட என் கணவரிடம், குப்பையை எடுத்து வெளியே வையுங்கள் என்றேன். வாசல்வரை போனவர் கூடையோடு திரும்பி நின்றார்.

"வைக்கணுமா, கொட்டணுமா? தெளிவாச் சொல்லிடு. அப்புறம் ரசத்துல வந்து நிக்கப்போவுது."