மஞ்சள் பூசிய கன்று

ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவனுக்கு ஒரு வியாதி பிடிக்கும். எதற்கும் ஒரு முறை உண்டு, அந்த முறை தனக்கு மட்டுமே தெரியும் என்று நம்புகிற வியாதி. இதற்கு இன்றுவரை யாரும் தடுப்பூசி கண்டுபிடிக்கவில்லை. எனக்கு அது இளம் வயதிலேயே கடுமையாகக் கண்டது.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். கொழும்பில் அம்மைப்பால் தயாரிக்கும் கூடத்தில் நான் உதவியாளன். கன்றுக்குட்டியின் வயிற்றை மழித்து, கீறி, மாட்டம்மையை ஏற்றுவோம். சில நாளில் கொப்புளம் கட்டும். அதைச் சுரண்டி, கிளிசரினில் அரைத்து, மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் அடைத்து ஊர் ஊராக அனுப்புவோம். அதைக் கையில் கீறிக்கொண்டவனைப் பெரியம்மை அண்டாது.

குழாய்ப் பால் வழியிலேயே வெயிலில் செத்துவிடுகிறது என்பது என் கொள்கை. எனவே கன்றையே உயிரோடு கொண்டுபோய், நோய் கண்ட இடத்தில் பால் எடுத்து, அங்கேயே குத்த வேண்டும். (கொள்கை என்று நான்தான் சொன்னேன். கூடத்தில் மற்றவர்கள் "கன்னுக்குட்டி ஊர்வலம்" என்றார்கள்.)

மாத்தளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரியம்மை கண்டிருப்பதாகத் தந்தி வந்தது. மாத்தளை என் சொந்த ஊர். அந்தத் தோட்டத்து அலுவலகத்தில் பெரிய கிளாக்கர் ராமலிங்கம் என் அத்தை மகன். இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று என் வெள்ளைக்கார மேலதிகாரியிடம் கெஞ்சி அனுமதி வாங்கினேன். "எதற்கும் ஒரு பெட்டி குழாயும் எடுத்துக்கொண்டு போ" என்றார். எடுத்துப் போகவில்லை. எடுத்துப் போனால் என் கொள்கையை நானே நம்பவில்லை என்று ஆகிவிடாதா?

மாட்டம்மை ஏற்றிய கன்று சரக்குப் பெட்டியில், நான் மூன்றாம் வகுப்பில். ரயில் நின்ற இடமெல்லாம் இறங்கி ஓடி, அதன் வயிற்றைப் பார்த்துவிட்டு வந்தேன். உக்குவளை ஸ்டேஷனில் ஒரு முஸ்லிம் வியாபாரி, "தம்பி, இது விக்கிறதுக்கா?" என்றார்.

"இல்லை, விஞ்ஞானத்துக்கு."

"அவரு எந்தக் கடை?" என்றார்.

தோட்டத்தில் நிலைமை மோசம். கொழுந்து பறிக்கும் வீராயியின் மகனுக்கு முத்து போட்டு, அவனை மேட்டுக் கொட்டிலில் தனியே கிடத்தியிருந்தார்கள். முந்தின நாள்வரை அதே பாயில் படுத்தவள் அவன் தங்கை பாக்கியம். நோய் ஒட்டிய பிள்ளைக்கும் உடனே குத்தினால் தப்பிக்க வழி உண்டு. நாள் தள்ளினால் இல்லை. ஆனால் தொழிலாளர் குடியிருந்த லயத்தில் ஒருவரும் கை நீட்டவில்லை. வீராயி தன் காம்பரா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளிருந்து கேட்டாள்:

"அம்மா வந்திருக்கா. வந்தவள ஊசியால குத்தி வெரட்டச் சொல்றீங்களா, ஐயா?"



ராமலிங்கம் என் தோளைத் தட்டினான். "மச்சான், கோழிக்கறி ஆறுது. சாப்பிட்டுட்டு வந்து பேசிக்கலாம். சனங்க எங்கயும் ஓடிற மாட்டாங்க."

கன்றைச் சுத்தமான கொட்டகையில் கட்டி, வயிற்றை அவித்த துணியால் மூடி, காவலுக்குக் கறுப்பையா என்ற வாச்சரை நிறுத்தினேன். "இந்தக் கன்னுக்கு அம்மை போட்டிருக்கு. இதுதான் உங்க புள்ளைங்களக் காப்பாத்தப் போவுது. பத்திரமாப் பாத்துக்க" என்று தெளிவாகச் சொன்னேன். அந்த நாளில் நான் சொன்னவற்றில் ஒருவர் முழுமையாகப் புரிந்துகொண்டது இந்த ஒன்றைத்தான்.

சாப்பாடு நீண்டுவிட்டது. கறி ஒரு காரணம். சுத்தம் பற்றி ராமலிங்கத்துக்கும் அவன் மனைவிக்கும் நான் ஆற்றிய சொற்பொழிவு மறு காரணம்.

திரும்பி வந்தபோது கற்பூர வாசனை எதிரே வந்து வரவேற்றது. தரை சாணம் போட்டு மெழுகியிருந்தது. கன்றின் வயிறு முழுக்க அரைத்த மஞ்சளும் வேப்பிலையும். கழுத்தில் செவ்வரத்தம்பூ மாலை. கன்று வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தது. நான் அவித்த துணி, பரிவட்டமாகக் கறுப்பையாவின் தலையில் இருந்தது.

"என்னய்யா பண்ணி வச்சிருக்கீங்க?"

"பத்திரமாப் பாத்துக்கச் சொன்னீங்களே, ஐயா" என்றான்.

அதைவிடக் கொடுமை, கொட்டகை வாசலில் லயமே வரிசையில் நின்றது. எல்லாக் கைகளும் தோள்வரை திறந்திருந்தன. முதலில் நின்றவள் வீராயி, இடுப்பில் பாக்கியம்.

"இந்தக் கன்னு மேல அம்மா சாந்தமா எறங்கியிருக்கா, சாமி. இவளயே எம் புள்ளைக்கும் குடுத்துருங்க."

என்னால் முடியாததைக் கன்று சாதித்திருந்தது. என்னிடம் கொடுக்கத்தான் ஒன்றுமில்லை. மெழுகிய கைகளாலேயே மஞ்சளும் பூசியிருந்தார்கள். சாணம் பட்ட பாலைப் பிள்ளையின் தோலில் கீறினால் ஏற்புவலி என்கிற வலிப்பு நோய் வந்து சாகலாம். குத்த மாட்டேன் என்றேன். அது சரியான முடிவு என்று இன்றும் எந்தச் சபையிலும் வாதாடுவேன். அன்று நான் சரியாகச் செய்தது அது ஒன்றுதான். அதனால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை.

வீராயி என்னையே பார்த்தாள். "வேணாமுன்னு சொன்னப்ப குத்த வந்தீங்க. இப்ப கைய நீட்டுறோம், முடியாதுங்கிறீங்க."

கொழும்புக்குத் தந்தி அடித்தேன். குழாய்கள் வந்து சேர்வதற்குள் அவள் மகனைப் புதைத்துவிட்டார்கள். நான் எள்ளி நகையாடிய அதே குழாய்கள், ஒரு பிஸ்கட் டின்னில், ஈரச் சாக்கு சுற்றி, அதே ரயிலில், அதே வெயிலில் வந்தன. ஒரு கைகூடத் தவறவில்லை. குத்திய இடமெல்லாம் கொப்புளம் கட்டி அத்தனையும் பிடித்தன. பாக்கியத்துக்கும் பிடித்தது. ஆனால் பெரியம்மை முந்திக்கொண்டது. அவள் பிழைத்தாள். இடது கண் பிழைக்கவில்லை.

கூடத்துக்குத் திரும்பியதும் மேலதிகாரி குழாய்ப் பெட்டி ஒன்றை எடுத்து என் மேசையில் வைத்தார். பிறகு, கன்று எங்கே என்று கேட்டார். லயத்தார் அதைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள். அரசாங்கக் கன்று தெய்வமாகிவிட்டது என்பதை எப்படி இங்கிலீஷில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

என் கல்யாணத்தில் நலங்கு வைத்து மஞ்சள் பூசியபோது ராமலிங்கம் பந்தலே அதிரக் கத்தினான்: "ஐயையோ, பூசிட்டீங்களா? இனி இவன் ஒண்ணுக்கும் உதவ மாட்டான்!" அன்றிலிருந்து குடும்பத்தில் எந்த விசேஷத்திலும் கன்றுக் கதை உண்டு. அவன் சொல்கிற கதை, கன்று வாழைப்பழம் தின்பதோடு முடிந்துவிடும்.

பல வருடம் கழித்து, தலை நரைத்த பிறகு, அதே தோட்டத்துக்கு அம்மை குத்தப் போனேன். வரிசையில் முதலாவதாகப் பாக்கியம், இரண்டு பிள்ளைகளோடு. நான் பெட்டியைத் திறக்கும்போது, ஓய்வு பெறப்போகிற ராமலிங்கம் பழக்கதோஷத்தில், "மச்சான், சோறு ரெடி" என்றான்.

பாக்கியம் தன் ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தாள்.

"ஐயா, இந்தத் தடவ குத்திட்டுச் சாப்பிடப் போங்க."

ராமலிங்கம் அதையும் கதையில் சேர்த்துக்கொண்டான். இப்போது என் வீட்டில் இலை போட்டதும் பேரப்பிள்ளைகள், "தாத்தா, குத்தியாச்சா?" என்று கேட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அதை முதலில் சொன்னவளுக்கு ஒரு கண் இல்லை என்று அவன் அவர்களுக்குச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

"குத்தியாச்சு" என்று சொல்லிவிட்டு உட்காருகிறேன்.