ஜவ்வரிசி அண்ணனும் பேச்சியம்மாளின் இலையும்

கண்ணுக்குத் தெரியாத உயிர்களுக்கு மரியாதை கொடுத்துப் பேசியவர் போடிநாயக்கனூரிலேயே ஜவ்வரிசி அண்ணன் ஒருவர்தான்.

ஏலச் செடிகளுக்கான எங்கள் சின்ன ஆய்வுக்கூடத்தில் அவருக்கு ஒரே வேலை. இலையிலிருந்து பிரித்த உயிரணுக்களைத் தலைமுடி அகலக் குழாயில் ஓடவிட்டு, எண்ணெய்க்குள் துளித்துளியாக்கி, ஒவ்வொரு துளியையும் கூழ்மணியாக உறைய வைப்பார். பாட்டிலில் பார்த்தால் பொடி ஜவ்வரிசிதான். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

வெளிச்சுவரை நீக்கிய உயிரணு ரொம்ப நோஞ்சான். வெறும் தண்ணீர் பட்டால் வெடிக்கும், வேகமாகத் தள்ளினால் பிய்யும், எண்ணெயில் அதிக நேரம் கிடந்தால் செத்துவிடும். அதனால் மெஷின் ஓடும்போது அண்ணன் ஃபேனை நிறுத்துவார், எங்கள் செருப்பைக் கழற்றவைப்பார். ஒருமுறை நான் தும்மிவிட்டேன். குழாயைப் பார்த்து, "கோவிச்சுக்காதீக, நம்ம பயதான்" என்றார்.

ஒருநாள் குரங்கணியிலிருந்து பேச்சியம்மாள் ஜீப்பில் வந்து இறங்கினார். அவர் தோட்டமே அழுகல் நோயில் போய், ஒரே ஒரு செடி தப்பியிருந்தது. அதன் இளம் இலைகள் தூக்குவாளியில் இருந்தன.

"இதுலருந்து நாத்து எடுத்துரலாமா அப்பு?"

"எடுத்துரலாம் ஆத்தா. நாளைக்கு வாங்க, முதல் படியக் காட்டுறேன்."

மறுநாள் பேச்சியம்மாள் வந்தபோது, இலையிலிருந்து பிரித்த உயிரணுக்களில் பாதியை அண்ணன் மெஷினில் ஏற்றியிருந்தார். பார்வையாளர்கள் வரப்போகிறார்கள் என்று மேனேஜர் உள்ளே வந்து, "வெரசா முடிங்கய்யா" என வேகத்தைக் கூட்டிவிட்டார். மணிகள் கொட்டின. சாயம் சேர்த்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தோம். உயிருள்ளவை பச்சையாக ஒளிர வேண்டும். ஒரே இருட்டு.

"செத்துப்போச்சா?" என்றார் பேச்சியம்மாள்.

"மிச்சப் பாதி ஐஸ் பெட்டியில இருக்கு ஆத்தா. சார், நீங்க செத்த நேரம் வெளிய உக்காருங்க." மேனேஜரின் தோளில் கைபோட்டு வெளியே விட்டுக் கதவைச் சாத்தினார். வந்த பெரிய மனிதர்களும் செருப்பில்லாமல் வராந்தாவில் நின்றார்கள்.

கரைசலில் சர்க்கரை அளவைச் சரிபார்த்தார். வேகத்தைக் குறைத்தார். மணி உறைந்த உடனே எண்ணெயைக் கழுவி, ஊட்டக் கரைசலில் சேர்த்தார். "நம்ம அவசரம் அதுகளுக்கு எதுக்கு தம்பி" என்றார் என்னிடம்.

இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால், ஒவ்வொரு கூழ்மணியிலும் பச்சைப் புள்ளிகள்.

"உசுரோட இருக்கா அப்பு?"

"இருக்கு ஆத்தா. நீங்களே பாருங்க."

பேச்சியம்மாள் லென்ஸில் வைத்த கண்ணை எடுக்கவே இல்லை.

நான் டீ வாங்கிவந்தேன். கிளாஸை வாங்கிய அண்ணனின் கை அப்படி நடுங்கியது. அவர் குடித்து முடிக்கும்வரை கிளாஸின் அடியில் நானும் ஒரு கை கொடுத்திருந்தேன்.