றியாஸ் மச்சானின் உட்கார்ந்த உயரம்

"நோன்பு 21, செவ்வாய், மாலை 5.20. றியாஸ் மச்சான், சாரதி ஆசனத்தில் அமர்ந்த நிலையில், ஆசனத்திலிருந்து உச்சந்தலை வரை 33 அங்குலம். தலைக்கவசத்துக்கு ஒன்றரை. மொத்தம் முப்பத்து நாலரை. அளந்தது நான். சாட்சி ஹனீபா பாஸ்."

இது என் குறிப்புப் புத்தகத்தில் நீல மையில் இருக்கிறது. முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இந்தக் குறிப்பில் ஒரு பிழையும் இல்லை. பிறகு பலமுறை சரிபார்த்துவிட்டேன். நாள் சரி, நேரம் சரி, கூட்டல் சரி. (கல்முனையில் கணிதம் படிப்பிக்கிறவன், அதையாவது சரியாகச் செய்ய வேண்டும்.) முற்றிலும் சரியான ஒரு குறிப்பை வைத்துக்கொண்டு ஒரு மனிதனின் ஒரே ஆசையை எப்படிக் கெடுப்பது என்பதை நான் செய்து பார்த்திருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

றியாஸ் என் தங்கை சிபானாவின் கணவர். கட்டாரில் குளிரூட்டிகள் திருத்துகிறார். வருடத்துக்கு ஒரு முறை நாற்பது நாள் லீவில் வருவார். அப்படி வந்த ஒரு லீவில், இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய, கூரையை மடக்கிப் பின்னால் போட்டுவிடக்கூடிய, பழைய சிவப்பு ஜப்பான் கார் ஒன்றை வாங்கிவிட்டார். அதை முதல் தடவை பிரதான வீதியில் கொண்டு போனபோது, பஸ் டிப்போவுக்கு முன்னால் ஒரு பெரியவர் நிறுத்தி, கூரை எந்த விபத்தில் போனது என்று அனுதாபத்தோடு விசாரித்தார். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் மூன்று கலியாண வீட்டார் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் கேட்டு வந்தார்கள். மச்சான் யாருக்கும் கொடுக்கவில்லை. அவருக்கு வேறு ஆசை இருந்தது.

நாட்டின் மறுபக்கத்தில் ஓர் ஓட்டத் தடம் இருக்கிறது. சில சனிக்கிழமைகளில், போட்டி எதுவும் இல்லாமல், பணம் கட்டினால் யாரும் தன் காரைக் கொண்டு போய் அதில் வேகமாக ஓட்டிப் பார்க்கலாம். பெருநாள் கழிந்து இரண்டாவது சனிக்கிழமை அப்படியொரு நாள். திங்கட்கிழமை அவருக்குக் கட்டார் விமானம். ஆக அந்த லீவில் அவருக்கு வாய்த்தது அந்த ஒரு சனிதான்.

சிபானாவுக்குக் காரில் மறுப்பில்லை. தடத்தில்தான் மறுப்பு. ஒரு நாள் அசர் தொழுகைக்குப் பிறகு என்னைக் கூப்பிட்டாள். (எங்கள் ஊரில் அண்ணன் என்றால் காக்கா.)

"காக்கா, கூரையில்லாத கார் கவிண்டா இவர்ட தல எங்க போகும்?"

அதற்குத்தான் ரோல் பார் என்று ஒன்று இருக்கிறது, ஆசனத்துக்குப் பின்னால் வளைத்துப் பூட்டும் இரும்புக் குழாய், கார் கவிழ்ந்தால் தலைக்குப் பதிலாக அதுதான் தரையைத் தாங்கும், அது இல்லாமல் தடத்தில் விடவே மாட்டார்கள் என்று விளக்கினேன். அவள் யோசித்தாள்.

"அப்ப அத நீங்க பார்த்து எடுங்க. இவர் எடுத்தா வடிவப் பார்த்து எடுப்பார். தலைக்கு நீங்கதான் பொறுப்பு."

ஓம் என்றேன். என் வாழ்க்கையில் இவ்வளவு தெளிவாக ஒரு பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டதில்லை.

சுபஹு தொழுதுவிட்டு வந்து பாடசாலைக்குப் போகும் வரை வாசித்தேன். பதினாறு நாள் வாசித்தேன். வெளிநாட்டுக்காரர்கள் இணையத்தில் இதைப் பற்றிச் சண்டை பிடித்திருக்கிற அளவுக்கு எங்கள் ஊரில் காணி எல்லைக்குக்கூடச் சண்டை நடந்ததில்லை. குழாயின் விட்டம், சுவரின் தடிப்பு, குறுக்காக ஒரு தாங்கு வேண்டுமா, அழகுக்குப் பூட்டும் வெள்ளி நிற வளையத்தை எப்படி அடையாளம் காண்பது, அடித்தட்டில் எந்த இடத்தில் பூட்டினால் பிய்த்துக்கொண்டு வரும் என்று நாற்பது பக்கம் குறிப்பெடுத்தேன். எல்லாவற்றிலும் முக்கியமானது ஒரு சின்ன விதி. ஒரு நேரான கோலை எடுத்து, ஒரு முனையை ரோல் பாரின் உச்சியிலும் மறு முனையை முன் கண்ணாடிச் சட்டத்தின் உச்சியிலும் வைக்க வேண்டும். சாரதியின் தலைக்கவசம் அந்தக் கோலுக்கு இரண்டு அங்குலம் கீழே இருக்க வேண்டும். அவ்வளவுதான். மற்றதெல்லாம் இரும்பு, இது தலை.

முதலில் ஹனீபா பாஸிடம் போனேன். (மேசன், தச்சன், இரும்பு ஒட்டுபவர் எல்லாரும் எங்கள் ஊரில் பாஸ்தான்.) ஆட்டோக்களுக்குக் கூரைச் சட்டம், உழவு இயந்திரப் பெட்டிகளுக்குக் கம்பி வேலை எல்லாம் அவருடைய பட்டறையில்தான். இரும்பு என்றால் நம்பலாம். நான் வரைந்து கொண்டு போன படத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"கொண்டு வாங்க, பூட்டித் தாறன் சேர். செய்து தர மாட்டன். நெல் மூட்டைக்குச் சட்டம் அடிக்கிற கை இது. மனிசன்ட தலைக்கு ஏலாது."

ஆகவே கொழும்பில் பழைய பாகங்கள் விற்கும் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்தேன். அவரிடம் அந்தக் காருக்கே செய்த ரோல் பார்கள் இரண்டு இருந்தன. சிறியதைப் பூட்டினால் துணிக் கூரை வழமைபோல் மூடும். பெரியது அதைவிட மூன்று அங்குலம் உயரம், அதைப் பூட்டினால் கூரையை மறந்துவிட வேண்டியதுதான். மச்சானுக்குச் சிறியதுதான் பிடித்தது. அவர் சொன்ன காரணம் நியாயமானது. அவர் கட்டாரில் இருக்கும் பதினொரு மாதமும் கார் இங்கே கடல் காற்றில், உப்பில், காகங்களின் கீழே நிற்கப் போகிறது. கூரை மூட வேண்டும்.

நான் சொன்னேன், விருப்பத்தை வைத்துத் தீர்மானிக்க முடியாது, அளவை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும் என்று. (இந்த வசனத்தையும் அன்று குறித்து வைத்திருக்கிறேன்.) அந்தக் கோல் விதிப்படி கணக்குப் போட்டால், தலைக்கவசத்தோடு முப்பத்து நாலே முக்கால் அங்குலத்துக்குள் வந்தால் சிறியது. ஒரு கால் அங்குலம் கூடினாலும் பெரியது.

இப்படித்தான் நோன்பு 21, மாலை 5.20 வந்தது. தங்கையின் வீட்டு முற்றம். ஹனீபா பாஸ் பூட்ட வேண்டிய இடத்தைப் பார்க்க வந்திருந்தார். அன்று காற்றே இல்லை, ஓலைகூட அசையவில்லை. நோன்பு திறக்க ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அந்த நேரத்தில் எங்கள் ஊரில் யாரும் யாரிடமும் முக்கியமான விஷயம் கேட்க மாட்டார்கள். கடைக்காரர் விலை சொல்வதற்குப் பதிலாகக் கையைக் காட்டுவார். மச்சான் காருக்குள் ஏறினார் என்று சொல்வதைவிட ஊற்றப்பட்டார் என்று சொல்வது பொருத்தம். ஆசனத்தின் வடிவத்துக்கு அப்படியே படிந்து, தாடை நெஞ்சுக்கு அருகில் வர, கண்ணை மூடிக்கொண்டு இருந்தார்.

நான் நாடாவைப் பிடித்தேன். முப்பத்து மூன்று. மறுபடி பிடித்தேன். முப்பத்து மூன்று. மூன்றாம் முறையும் அதேதான். மூன்று அளவும் ஒன்றாக வந்தால் அதற்குமேல் சந்தேகப்பட ஒன்றுமில்லை என்பது என் கொள்கை.

ஹனீபா பாஸ் மெதுவாகத் தொண்டையைச் செருமினார்.

"சேர், மனிசன் வாடிப் போய் இரிக்கார். பெருநாளைக்குப் பொறகு ஒருக்கா அளந்து பாப்பமா?"

நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன். ஒரு மாணவன் பின்னத்தைத் தலைகீழாக எழுதும்போது சிரிக்கும் அதே சிரிப்பு.

"பாஸ், நோன்பு வயித்துக்குத்தான். எலும்புக்கு நோன்பில்ல."

அவர் குனிந்து அடித்தட்டைத் தட்டிப் பார்க்கத் தொடங்கினார். நோன்பாளி, வீணாக வாயைச் செலவழிக்கவில்லை. நான் அன்றிரவே கொழும்புக்குச் செய்தி அனுப்பினேன். சிறியது.

பார் பஸ்ஸில் வந்தது. பாஸ் பூட்டினார், நான் ஒவ்வொரு ஆணியாகத் தட்டிப் பார்த்தேன். கூரை அதற்கென்றே தைத்ததுபோல மூடியது. மச்சான் திறந்து மூடி, திறந்து மூடி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு முழுப் பின்னேரக் காட்சி நடத்தினார். பெருநாளைக்கு வந்தவர்களுக்கெல்லாம் வட்டிலப்பத்தோடு ரோல் பாரும் காட்டப்பட்டது. நான் பக்கத்தில் நின்று குழாயின் சுவர்த் தடிப்பைச் சொன்னேன்.

சனிக்கிழமை, காலை 8.10. தடத்தில் நாற்பது காருக்குமேல் வரிசையில் நின்றன. பரிசோதகர் மீசை நரைத்த, மெலிந்த, சிங்களம் பேசும் மனிதர். பாரை ஆட்டிப் பார்த்தார், குனிந்து அடித்தட்டைப் பார்த்தார், நன்றாகப் பூட்டியிருக்கிறது என்றார். எனக்குப் பாடசாலையில் பரிசு வாங்கியதுபோல இருந்தது. பிறகு மச்சானைத் தலைக்கவசத்தோடு ஏறி உட்காரச் சொல்லிவிட்டு, கையில் ஒரு தடியை எடுத்தார். அது தும்புத்தடியின், அதாவது தென்னந்தும்பு விளக்குமாற்றின், பிடி. தும்பைக் கழற்றிவிட்டு வைத்திருந்தார்.

மச்சான் காலையில் ரொட்டியும் மாசிச் சம்பலும் சாப்பிட்டிருந்தார். லீவு முழுதும் காத்திருந்த நாள். அவர் ஆசனத்தில் உட்கார்ந்த விதத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. முதுகு நிமிர்ந்து, கழுத்து நிமிர்ந்து, கலியாணப் பந்தலில் மாப்பிள்ளை இருப்பதுபோல் இருந்தார்.

தடி பாரில் வைக்கப்பட்டது. முன்னால் சாய்ந்தது. கண்ணாடிச் சட்டத்தை அடைவதற்கு முன் 'டொக்' என்று தலைக்கவசத்தில் உட்கார்ந்தது.

இரண்டு அங்குலம் இடைவெளி வேண்டிய இடத்தில் காகிதம் புகவும் இடமில்லை. நான் குறிப்புப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில், அளவு சரியாக எடுக்கப்பட்டது, மூன்று முறை எடுக்கப்பட்டது, சாட்சியும் இருக்கிறது என்று சொன்னேன். அவர் பொறுமையாகப் பக்கத்தைப் பார்த்தார். தமிழ் தெரியாததால் எண்களை மட்டும்தான் அவரால் வாசிக்க முடிந்தது. 5.20இல் விரலை வைத்து இது என்ன என்று கேட்டார், மாலை நேரம் என்றேன், அப்போது இவர் எப்படி இருந்தார் என்று கேட்டார். நோன்போடு இருந்தார் என்றேன். அவர் மச்சானைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்படியென்றால் நோன்பு வைத்துக்கொண்டு ஓட்டச் சொல்லுங்கள் என்றார்.

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மச்சான் சிரிக்கவில்லை. உடனே உடலைத் தளரவிட்டு, தாடையை நெஞ்சில் வைத்து, அந்தச் செவ்வாய்க்கிழமை போலவே ஆனார். தடி தாராளமாகப் போனது. பரிசோதகர் தலையாட்டி மறுத்தார். பிரேக்கை மிதித்ததும் எல்லாரும் நிமிர்ந்துவிடுவார்களாம்.

ஆசனத்துப் பஞ்சைக் கழற்றினோம். ஒன்றே முக்கால் அங்குலம் கிடைத்தது. இன்னும் முக்கால் அங்குலம் வேண்டும். மச்சான் வெறும் தகட்டில் உட்கார்ந்து, முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்க, வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முக்கால் அங்குலத்தை மனிதனிலிருந்து எப்படிக் குறைப்பது என்று எந்த இணையத்திலும் எழுதவில்லை.

கடைசியில் பரிசோதகர்தான் ஒரு வழி சொன்னார். கார் சரி, சாரதிதான் உயரம். விதிக்குள் அடங்கும் வேறு யாராவது ஓட்டலாம். சொல்லிவிட்டு என்னைக் காலிலிருந்து தலைவரை அளந்தார். (நாடா இல்லாமல்.)

"மச்சான், வேணாம்," என்றேன்.

"இவ்வளவு தூரம் வந்துட்டு வண்டி சும்மா நிக்கப்படா," என்றார் அவர். தலைக்கவசத்தைக் கழற்றி என் கையில் தந்தார். "நீங்க ஏறுங்க. நான் வேலிக்கு அங்கால நிண்டு பாக்கன்."

நான் ஏறினேன். பஞ்சைத் திரும்பப் போட்ட பிறகும் தடி என் தலைக்கு மேலே இன்னொரு சிறிய தலைக்கு இடம் விட்டுப் போனது.

அடுத்து நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். என் வேகம் வழமையாக மணிக்கு நாற்பது. அன்று நாற்பத்தைந்து தொட்டேன். மலைப்பாதையில் பழகியபடி ஒவ்வொரு வளைவிலும் ஹோர்ன் அடித்தேன். திரும்பும்போது சமிக்ஞை விளக்குப் போட்டேன். ஒரு திருப்பத்தில் ஒருவர் நீலக் கொடியை அசைத்தார். பின்னால் வருபவர்களுக்கு வழி விடு என்பது அதன் பொருள். நாற்பது பக்கக் குறிப்பில் கொடிகளைப் பற்றி ஒரு வரி இல்லை. என்னை நிற்கச் சொல்கிறார் என்று நினைத்து, ஓரமாக நிறுத்தி, நான்கு விளக்கையும் மின்னவிட்டு, சாரதி அனுமதிப்பத்திரத்தை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டேன். ஓட்டம் முழுதும் நிறுத்தப்பட்டது. கார் பழுதாகிவிட்டது என்று நினைத்து இழுக்கும் வண்டியை அனுப்பினார்கள். பழுதில்லை என்பதைச் சிங்களத்தில் விளக்குவதற்குள் கயிறு கட்டிவிட்டார்கள். மச்சானின் ஒரே சனிக்கிழமையில் அவருடைய கார் ஓடியது முக்கால் சுற்று, இழுபட்டது கால் சுற்று.

வேலிக்கு அங்கால் அவர் முழுவதையும் தொலைபேசியில் படம் பிடித்திருந்தார்.

திரும்பும் வழியில் மகியங்கனை தாண்டும் வரை அவர் வீதியைப் பார்த்தே ஓட்டினார். கோபம் என்றால் தாங்கியிருப்பேன். கூரையை மூடச் சொன்னார், மூடினேன், அது மிக அழகாக மூடியது. அதுதான் தாங்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்னார்:

"சிபானா தலைக்குத்தானே உங்களப் பொறுப்பு வெச்ச. தல வந்துட்டு. விடுங்க."

திங்கட்கிழமை அவர் விமானம் ஏறினார். சிபானாவுக்கு மட்டும் முழுத் திருப்தி. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, ரேஸ் என்றால் இப்படி ஓடுவதென்று தெரிந்திருந்தால் முதலிலேயே விட்டிருப்பேனே என்றாள்.

அடுத்த லீவில் பெரிய பார் பூட்டப்பட்டது. அளவு எடுத்தது பெருநாள் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, ஹனீபா பாஸ். நான் முற்றத்துக்குக் கூப்பிடப்படவில்லை. மச்சான் தடத்துக்குப் போய்ப் பதினொரு சுற்று ஓடிவிட்டு வந்தார். கார் இப்போது கூரையில்லாமல், மழைக்கு விரித்த பச்சைப் படங்கின் கீழே நிற்கிறது.

எங்கள் வீட்டில் இன்றுவரை யாரும் நாடாவை எடுத்தால் போதும். திரைச்சீலைக்கு அளந்தாலும், மருமகனின் கலியாணச் சட்டைக்கு அளந்தாலும், ஒரு குரல் கேட்கும்: "காக்காட்டக் கேளுங்க, எலும்பு நோன்பா?" நோன்பு காலத்தில் பிள்ளைகள் பாயில் சுருண்டு கிடந்தால் சிபானா அவர்களை எழுப்புவதே அந்த வசனத்தைச் சொல்லித்தான். ஹனீபா பாஸ் பட்டறையிலும் அது வழக்கில் இருப்பதாக அறிகிறேன்.

ஒரு விஷயம் மட்டும் பாக்கி. சென்ற மாதம் பழைய புத்தகங்களை அடுக்கும்போது அந்தச் செவ்வாய்க்கிழமைப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் நானே எழுதிய ஒரு வரி கண்ணில் பட்டது. "33 என்றதும் மச்சான் இலேசாகச் சிரித்தார்." கூரை மூட வேண்டும் என்று விரும்பியவர் அவர். முப்பத்து மூன்று வந்தால்தான் கூரை மூடும் என்பதும் அவருக்குத் தெரியும். கட்டாருக்கு இரண்டு முறை எழுதிக் கேட்டேன், அன்று நோன்பின் களைப்பா, அல்லது வேண்டுமென்றே தாழ்ந்து இருந்தாரா என்று. முதல் முறை, "அத இப்ப ஏன் மச்சான்" என்று பதில் வந்தது. இரண்டாம் முறை அந்த முக்கால் சுற்றுப் படத்தை மறுபடி அனுப்பியிருந்தார். சாட்சி ஹனீபா பாஸ், தான் நாடாவைத்தான் பார்த்ததாகவும் முகத்தைப் பார்க்கவில்லை என்றும் சொல்கிறார்.

ஆகவே அது இன்னும் உறுதிசெய்யப்படவில்லை.