பன்னிரண்டு மணிக்கு எழுகிறவள்

புக்கோபா,
ஏரிக்கரைச் சாலை.

தார் எஸ் சலாமில் இயந்திரங்களுக்கு வைத்தியம் கற்றுக்கொடுக்கும் என் அருமை மகள் கெமிலெம்பேவுக்கு, ஓய்வு பெற்ற கப்பல் குமாஸ்தாவான உன் அப்பா லவுரியான் எழுதுவது. இங்கே வாழைக்கும் கோழிக்கும் எனக்கும் ஒரு குறையுமில்லை. அங்கே உனக்கும் அப்படியே என்று நம்புகிறேன்.

நிற்க. உன் இயந்திரம் உன் அம்மாவைப் பைத்தியம் என்று சொல்லிவிட்டது.

மூன்று மாதமாக இருமுகிறாள், உடுத்திய துணி இடுப்பில் நிற்கவில்லை, சரி, ஆயிரக்கணக்கான நோயாளிகளின் பழைய சீட்டுகளைப் படித்துத் தேறிய இயந்திரம் நம் ஊர் சுகாதார நிலையத்துக்கு வந்திருக்கிறதே, அதுவும் என் மகள் தேற்றியதாச்சே என்று வழியெல்லாம் பெருமையடித்துக்கொண்டு அழைத்துப்போனேன். எப்போது எழுகிறாள், எப்போது சாப்பிடுகிறாள் என்று ஒரு தாளில் எழுத வேண்டும். நர்ஸ் அடெலா அதைப் பார்த்து இயந்திரத்தில் தட்டினாள். பன்னிரண்டுக்கு எழுகிறாள், ஒன்றுக்குக் கஞ்சி, இரண்டுக்கு வாழைத் தோட்டம், மறுபடி பன்னிரண்டுக்குக் காய்ச்சல். நள்ளிரவில் எழுந்து இரண்டு மணிக்கு மண்வெட்டி தூக்குகிறவளுக்கு மனநோய், மெலிவு தூக்கமில்லாததால் என்றது இயந்திரம். மனநல மருத்துவர் மாதம் ஒருமுறைதான் வருவார், மூன்று வாரம் காத்திருந்தோம். முதல் நாள் எங்களோடு வரிசையில் நின்ற பதினேழு பேருக்கும் அதே சீட்டு. இரண்டு மணிப் பூசை வைக்கிற பாதிரியாரும் தப்பவில்லை.

"ஏங்க, ஊரே பைத்தியம்னா, தெளிவா இருக்கிறது அந்த மிஷின் மட்டும்தானா?" என்றாள் உன் அம்மா, இருமலுக்கு நடுவே.

கடைசியில் அடெலாதான் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "பெரியவரே, நாம சூரியன் உதிச்சதிலேர்ந்து மணி எண்றோம், மிஷின் நடுராத்திரியிலேர்ந்து எண்ணுது. நம்ம ஒண்ணு அதுக்கு ஏழு." நீயும் இந்த வீட்டில் பன்னிரண்டுக்கு எழுந்து பள்ளிக்கூடம் போனவள்தானே, அதனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அடெலா ஆறாறு மணி கூட்டி மறுபடி தட்டினாள். அரை நிமிஷம்தான். காய்ச்சல் அந்தியில் வருகிறது, காசநோயா என்று உடனே சளியைப் பரிசோதிக்கவும் என்றது. பரிசோதித்தார்கள், அதேதான். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். "ஆறு மாசம் விடாம மாத்திரை சாப்பிட்டா குணமாயிடும், அழாதீங்க" என்றாள் அடெலா. இப்போது ஐந்து வாரம் ஆகிறது, இருமல் பாதியாகிவிட்டது. நேற்று இரண்டு தட்டு வாழைக்காயும் பீன்ஸும் சாப்பிட்டுவிட்டு, உப்பு போதவில்லை என்று என்னைத் திட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் திட்டு எனக்கு இவ்வளவு இனித்ததில்லை.

ஆனாலும், அந்தத் தாளில் வெறும் 'பன்னிரண்டு' என்று எழுதிய மகாபுத்திசாலியை விடாதே. பகலா இரவா என்று குறிக்கத் தெரியாதவனுக்குப் பேனா எதற்கு? மேலிடத்தில் சொல்லி முதலில் அந்த ஆளை நீக்கு.

ஏரி மீன்போல் நீ துள்ளித் திரிய ஆசீர்வதிக்கும்,
அப்பா.

பின்குறிப்பு: அந்த ஆள் நான்தான். முப்பத்தோரு வருஷம் கப்பல் பயணிகள் பட்டியல் எழுதிய கை என்று அடெலா வரிசையில் நின்ற எல்லாருடைய தாளையும் எழுதித்தரச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். உன் அம்மாவின் மூன்று வாரம் என்னால் போனது. நேற்று அவளிடம் சொல்லிவிட்டேன். "அன்னிக்கே தெரியும். எழுதுறப்ப பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்" என்றாள். அதனால் நீக்க வேண்டாம். இப்போது ஒவ்வொரு மணிக்குப் பக்கத்திலும் 'சூரியன் உண்டு', 'சூரியன் இல்லை' என்று எழுதுகிறேன். அதைப் படிக்க உன் இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடு.