கல்யாண நகத்தோட கிட்டார் கச்சேரி

போன ஞாயித்துக்கெழமை எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். டோல்கேட் போயி, வலது கைக்கு நகம் ஒட்டிக்கினு வரணும்.

சிரிக்காதீங்க. கதையைக் கேளுங்க.

நான் திருவொத்தியூர்ல கன்டெய்னர் யார்டுல ஃபோர்க்லிஃப்ட் ஓட்டறவன். நாப்பது வயசு நெருங்குது. இந்த வயசுல சில பேரு ஜிம்முக்குப் போவான், சில பேரு மலைக்கு மாலை போடுவான். நான் ராயபுரத்துல ஒரு வாரம் ஃபிங்கர்ஸ்டைல் கிட்டார் கத்துத் தராங்கன்னு போர்டு பாத்துட்டுப் போய் சேந்துட்டேன். வெறும் விரலாலயே தந்தியை மீட்டணுமாம்.

மாஸ்டர் அடையார்லேர்ந்து வர்றவரு. குடுமி, கதர் ஜிப்பா. கண்ணை மூடிக்கினுதான் பேசுவாரு.

"கிட்டாரை வாசிக்காதீங்க ப்ரோ. அதோட பேசுங்க."

பேசுனேன். அது பதிலே சொல்லல.

"நிசப்தமும் இசைதான் ப்ரோ"ம்பாரு. கரெக்டா அப்பதான் கீழ ரோட்டுல டிரெய்லர்காரன் ஹாரன் அடிப்பான். மாஸ்டர் கண்ணைத் தொறந்து எங்களை மொறைப்பாரு. என்னமோ ஹாரனை நாங்க வூட்லேர்ந்து எடுத்துக்கினு வந்த மாதிரி!

"இந்த ஏரியால ஒரு ரா எனர்ஜி இருக்கு ப்ரோ"ன்னு அடிக்கடி புகழுவாரு. மீன் வண்டி போச்சுன்னா, மூக்கைப் பொத்திக்கினு புகழுவாரு.

கடைசி நாள் எல்லாரும் மேடையில வாசிக்கணும், குடும்பத்தோட வரணும்னு சொல்லிட்டாரு. நான் யார்டு பூரா தண்டோரா போட்டுட்டேன். என் சம்சாரம் மகேஸ்வரி காசிமேட்டுல மீன் விக்கறவ. அவ மார்க்கெட் பூரா சொல்லிட்டா. மானப் பிரச்சனை ஆயிப்போச்சு!

ஆனா என் கிட்டார்லேர்ந்து சத்தமே வரல. மேடையேற வேண்டிய ஞாயித்துக்கெழமை காலைல மாஸ்டர் என் கையைத் தூக்கிப் பாத்தாரு.

"நகமே இல்லையே ப்ரோ! நகம் பட்டாதான் தந்தி பேசும். பார்லர்ல ஒட்டிக்கோங்க. நானே அப்படித்தான்."

அதான் டோல்கேட் பார்லர்.

"அண்ணா, லேடீஸ் மட்டும்தான். கல்யாணப் பொண்ணு எங்க?"ன்னுச்சு உள்ள இருந்த பொண்ணு.

"பொண்ணு யாரும் இல்லமா. நகம் எனக்குத்தான்."

கண்ணுல வெள்ளரிக்கா வெச்சுக்கினு படுத்திருந்த ஒரு அக்கா, வெள்ளரிக்காயை எடுத்துட்டுப் பாத்துச்சு.

"சாதா நகம் தீந்துடுச்சுண்ணா, முகூர்த்த சீசன். மெரூன்தான் கீது. கல்லு வெச்சது."

மேடையேற ஒரு மணி நேரம்தான் இருந்துச்சு.

"ஒட்டு"ன்னேன்.

ஷேர் ஆட்டோல பக்கத்துல ஒரு அம்மா. என் கையைப் பாத்துச்சு. மூஞ்சியைப் பாத்துச்சு. மறுபடியும் கையைப் பாத்துச்சு.

"எங்க ஒட்டுன நைனா? அம்சமா கீது!"

ஹால்ல மகேஸ்வரி மொத வரிசை. பக்கத்துல என் யார்டு தோஸ்து மூர்த்தி. கையை முதுகுக்குப் பின்னால மறைச்சேன். மகேஸ்வரி கண்ணுக்குத் தப்புமா?

"இன்னாய்யா இது? நம்ம கல்யாணத்துக்கே எனக்கு இப்டி வெக்கலியே!"

மேடையேறி வாசிச்சேன். சத்தம் கணீர்னு வந்துச்சு! எனக்கே நம்ப முடியல. கொஞ்சம் திமிரு ஏறி, மாஸ்டர் மாதிரி கண்ணை மூடுனேன்.

'டப்'!

மோதிர விரல் நகம் பிச்சுக்கினு பறந்து, கிட்டார் வவுத்துல இருக்கற ஓட்டைக்குள்ள போய் விழுந்துச்சு.

நிறுத்துனா மானம் போவும். வாசிச்சுக்கினே கிட்டாரைச் சாச்சு ஆட்டுனேன். நகம் வரல. 'சில் சில்'னு கிலுகிலுப்பை சத்தம்தான் வந்துச்சு.

"மாமு, கவுத்து ஆட்டு, வந்துரும்!"னு கத்துனான் மூர்த்தி.

கவுத்து ஆட்டுனேன். 'சில் சில் சில்'!

ஒரே கைதட்டல். மாஸ்டர் எழுந்து நின்னுட்டாரு.

"ப்ரோ! அந்த ஷேக்கர் டெக்னிக்! எங்கேர்ந்து வருது?"

"உள்ளேர்ந்து வருது மாஸ்டர்"னேன்.

மனுஷன் கண்ணு கலங்கிட்டாரு.

மிச்ச நகம் இன்னும் விரலை வுட்டு வரல. சுடுதண்ணி, தேங்கா எண்ணெ எல்லாம் பாத்தாச்சு. அடுத்த நாள் சாயங்காலம் மகேஸ்வரி ஒரு கூடை இறாலை என் முன்னாடி வெச்சா.

"சும்மாதானே கீது அந்த நகம்? உரி."

இசை எனக்கு வரலைங்க. ஆனா இறால் ஓடு ஒரே இழுப்புல வருது.